மூத்த மாப்பிள்ளையை ஏற்ற வண்டி அனுப்புவது குறித்து

அன்பும் மரியாதையும் ஒருங்கே உடைய மைத்துனருக்கு,

உன் அத்தான் எழுதிக்கொள்வது. நான் இங்கே மூச்சோடும் மூட்டுவலியோடும் இருக்கிறேன். நீயும் உன் வீட்டாரும் என்னைவிட ஒருபடி மேலாகவே இருப்பீர்கள் என்று எடுத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். கெட்ட விஷயம்தான். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் எதைச் சொன்னாலும் நீ “ம்” என்பாய். அந்த “ம்” உன் அக்கா சொல்கிற மாதிரியே இருக்கும். அதற்குப் பிறகு நான் பேசிய மாதிரிதான். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை, நீ “ம்” என்றாலும் எனக்குக் கேட்காது.

உங்கள் வீட்டு மூத்த மாப்பிள்ளை போய்விட்டார். எப்படிப் போனார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் கடைசியாகக் கை வைத்தது நான்தான். எனவே சனிக்கிழமை நீ அனுப்புவதாகச் சொன்ன வண்டி விஷயமாக மறுபடி யோசிக்க வேண்டியிருக்கிறது.

இந்தக் கடிதம் தப்பித்தவறி உன் மனைவி கையில் கிடைத்து அவர் பதறிப்போகக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன், மூத்த மாப்பிள்ளை என்பது உன் அக்காவின் ஆசிலோஸ்கோப், மின்சாரம் ஆடுகிற ஆட்டத்தைத் திரையில் கோடாகக் காட்டுகிற கருவி. அந்தப் பெயரை வைத்ததே நீதான், மறந்திருக்கமாட்டாய். கல்லூரி ஆய்வகத்தில் கருவிகளைப் பழுதுபார்க்கும் வேலையில் அவள் சேர்ந்த அன்றே அதன் முன்னால் உட்காரவைத்துவிட்டார்கள். என்னை அவளுக்குத் தெரிந்தது அதற்கப்புறம்தான். எங்கள் கல்யாணத்தன்று நீ என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, “அத்தான், உங்களுக்கு முன்னாடியே எங்க வீட்டுக்கு ஒரு மாப்பிள்ளை இருக்கார். அவருக்குச் சாப்பாடு வேண்டாம், கோபம் வராது, கேட்டதுக்கு உண்மையைத்தான் சொல்வார்” என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அந்த மூன்றிலும் நான் மோசம் என்று அப்போது யாருக்கும் தெரியாது. பிறகு கல்லூரியில் புத்தகத் தடிமனில் புதுக் கருவிகள் வந்து, பழையதைக் காயலான் கடைக்கு அனுப்பப் போகிறார்கள் என்றதும் அவள் அதைத் தள்ளுவண்டியில் வைத்து ஊர் பார்க்க வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். எந்தக் குடும்பத்திலும் இளைய மாப்பிள்ளை நின்று வரவேற்க மூத்த மாப்பிள்ளை தள்ளுவண்டியில் வந்து இறங்கியிருக்கமாட்டார். மாடிப்படியில் ஏற்ற நான்கு பேர் பிடித்தோம். மூன்று பேர் மறுநாள் வேலைக்குப் போனார்கள், நான் போகவில்லை.

சாப்பாட்டு மேஜை இருந்த இடத்தை அது எடுத்துக்கொண்டது. அன்றிலிருந்து நாங்கள் தட்டை மடியில் வைத்துத்தான் சாப்பிட்டோம். வந்து போகிறவர்கள் எல்லாம் தையல் மெஷினா, அடுப்பா என்று கேட்பார்கள். அவள் சலிக்காமல் எடுத்துச் சொல்வாள். தனக்கென்று சக்கரம் வைத்த ஸ்டாண்டு, அதில் முகத்தைச் சற்று நிமிர்த்தி உட்கார்ந்திருக்கும், முன்னால் உட்காருகிறவர் கழுத்தை வளைக்கக்கூடாது என்பதற்காக. தட்டளவுக்கு ஒரு வட்டத் திரை, அதன்மேல் சென்டிமீட்டருக்கு ஒரு கோடாகக் கீறிய கண்ணாடி, அந்தக் கோடுகள் மட்டும் மின்னுகிற மாதிரி விளிம்பில் ஒளித்துவைத்த பல்புகள். கீழே குமிழ், குமிழ், குமிழ். கறுப்புக் குமிழுக்குள் சிவப்புக் குமிழ், இரண்டும் தனித்தனியே திரும்பும். இடது பக்கம் ஒரு பகுதியை மேஜை டிராயர் மாதிரி உருவி எடுத்துவிட்டு வேறு வேலைக்கு வேறொன்றைச் செருகலாம். முகத்திலேயே ஒரு சின்னத் துளை உண்டு. அதிலிருந்து ஒரு ஒயரை எடுத்து அதன் வாய்க்கே கொடுத்தால் மதில் சுவர் மாதிரி ஒரு சதுர அலை வரும், அது தன்னைத்தானே சரிபார்த்துக்கொள்ள. “தான் சரியா இருக்கோமான்னு பார்த்துக்கற ஆள் இந்த வீட்ல இது ஒண்ணுதான்” என்பாள், என்னைப் பார்க்காமல். பின்னால் ஒரு விசிறி, அதற்கு ஒரு வடிகட்டி. மாதாமாதம் அதைக் கழற்றி சோப்புப் போட்டு அலசி என் சட்டைகளுக்குப் பக்கத்தில் கொடியில் காயப்போடுவாள். என் சட்டைகளை நானேதான் துவைத்துக்கொண்டேன் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

தினம் சாயங்காலம் அதை எழுப்புவாள். சுவிட்சைப் போட்டதும் விசிறி இரையும், ஆனால் திரை உடனே விழிக்காது. உள்ளே பழைய ரேடியோவில் இருப்பது மாதிரியான கண்ணாடி வால்வுகள் சூடேறி, யாரோ நாக்கைத் தட்டின மாதிரி “டக்” என்று ஒரு சத்தம் கேட்கும்வரை காத்திருக்க வேண்டும். அந்தச் சத்தத்துக்குப் பிறகு பச்சையாக ஒரு கோடு இடமிருந்து வலமாக ஓடும், நூல் பிடித்த மாதிரி. வெளிச்சத்தைக் குறைத்துத்தான் வைப்பாள், அதிகமாக வைத்தால் திரை வெந்துவிடுமாம். புதிதில் நான், எதையும் அளக்காமல் சும்மா ஒரு கோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்ன வேலை என்று கேட்டேன். அவள் சொன்னாள், “நேரா ஓடுதில்ல? அப்படின்னா ஒண்ணும் தப்பில்லைன்னு அர்த்தம். நான் தயார், நீ எதைக் கொடுத்தாலும் காட்டறேன்னு சொல்லுது.” அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் சாயங்காலங்களில் நாங்கள் இரண்டு பேரும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஒண்ணும் தப்பில்லை என்கிற அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டுதான் சாப்பிட்டோம்.

உனக்கு நான் சொல்லாத ஒன்று இருக்கிறது. ஆஸ்பத்திரியில் கட்டிலின் தலைமாட்டில் ஒன்று வைத்திருந்தார்களே, மூத்தவருக்குத் தம்பி மகன் மாதிரி. உன் அக்கா அந்த நிலையிலும் அதைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். “கட்டம்கூட இல்ல பாருங்க. எதை வெச்சு அளப்பாங்க?” என்று கேட்டாள். அது ஆடிக்கொண்டே இருந்தது, எனக்கும் அது பிடிக்கவில்லை. கடைசி நாள் அந்தக் கோடு ஆடுவதை நிறுத்திவிட்டு நேரானது. ஏதோ கூவியது. அங்கே ஏதாவது ஒன்று எப்போதும் கூவிக்கொண்டுதான் இருக்கும். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அந்த நேர்கோட்டைப் பார்த்தேன், எனக்குப் பயமே வரவில்லை. அப்பாடா, இப்போதுதான் சரியானது என்று நினைத்தேன். நர்ஸ் ஓடிவந்து என்னை நகரச் சொன்னபோதும், எதற்கு இந்தப் பெண் இப்படிப் பதறுகிறாள் என்றுதான் பார்த்தேன். இதை யாரிடமும் சொல்ல முடியவில்லை. சொன்னால் சிரிப்பார்களா அழுவார்களா என்று தெரியவில்லை, எனக்கே தெரியவில்லை.

அதற்குப் பிறகு நான் அதை எழுப்பவில்லை. வருஷம் திரும்பப் போகிறது. வீட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த வட்டக் கண் என்னைப் பார்த்து, அவள் எங்கே என்று கேட்கிறது. அதனால்தான் உன் கல்லூரியில் பழைய கருவிகளுக்கென்று ஒரு அறை திறக்கிறார்கள், இதை முதல் இடத்தில் வைக்கலாம், அக்கா பேரையும் பக்கத்தில் எழுதிவைக்கலாம் என்று நீ சொன்னதும் உடனே சரி என்றேன். நீ ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாய், அது ஓட வேண்டும், திரையில் கோடு தெரிய வேண்டும், செத்துப்போனதை வைப்பதற்கு அது ஒன்றும் மியூசியம் இல்லை என்று. நானும் பெரிய மனிதனாக, அவள் எப்படி விட்டுவிட்டுப் போனாளோ அப்படியே இருக்கிறது, நான் தூசி துடைப்பதோடு சரி என்று வாக்குக் கொடுத்தேன். அது உண்மைதான். ஒருநாள் விட்டு ஒருநாள் துடைத்தேன். மற்ற அறைகளில் ஒட்டடை தொங்கினாலும் அதன்மேல் ஒரு துகள் இருக்க விட்டதில்லை. துணியால் ஒவ்வொரு குமிழையும் பிடித்துச் சுற்றித் துடைத்து, எதுவும் லொடலொடவென்று இருக்கக்கூடாது என்று வலப்பக்கம் ஒரு இறுக்கு இறுக்கிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவேன். என்னைத்தான் உனக்குத் தெரியுமே. ஆயுசு முழுக்கக் குடிநீர் இலாகாவில் தெருத்தெருவாக வால்வு திறந்து மூடினவன், திருகு என்று எதைக் கண்டாலும் இறுக மூடாமல் என்னால் தாண்டிப்போக முடியாது. உன் வீட்டுக்கு வந்தபோது உன் ரேடியோவின் சத்தத்தைக்கூட அப்படித்தான் நான் முறுக்கிவிட, நீ அலறினாய்.

சரி, இப்போது நடந்ததைக் கேள். வண்டி வருவதற்கு முன்னால் ஒருதரம் ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று நேற்று முன்தினம் சாயங்காலம், அவள் உட்காரும் ஸ்டூலைத் துடைத்து, அதில் உட்காராமல் நின்றுகொண்டே சுவிட்சைப் போட்டேன். வீட்டில் எல்லா விளக்கும் ஒருமுறை மங்கி நிமிர்ந்தது. விசிறி இரைந்தது. எத்தனை நாளாகப் பிடித்துவைத்திருந்த தூசியோ, மொத்தமும் பின்பக்கத்திலிருந்து கிளம்பி நான் மடித்துவைத்திருந்த துணிகள்மேல் இறங்கியது. வெளியே மட்டும் துடைத்தேனே தவிர அந்த வடிகட்டி என்று ஒன்று இருப்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. நான் தும்ம ஆரம்பித்தேன். தும்மலுக்கு நடுவே “டக்” கேட்டது. அந்தச் சத்தம் கேட்டதும், சொல்வதற்கென்ன, திரும்பிப் பார்த்தேன், அவள் தட்டோடு வருகிறாளா என்று. பிறகு திரையைப் பார்த்தேன். கட்டங்கள் எல்லாம் என்றைக்கும் இல்லாத மாதிரி கல்யாண வீடாக ஜொலிக்கின்றன, நடுவில் கோடு இல்லை. மாப்பிள்ளை இல்லாத கல்யாண வீடு. மேலே ஓரத்தில் சின்னதாக ஒரு ஆரஞ்சு விளக்கு மட்டும், பக்கத்தில் ஒரு அம்புக்குறி, என்னைக் கேலி செய்கிற மாதிரி எரிந்துகொண்டிருந்தது. நான் காத்திருந்தேன். வால்வுகளுக்கு வயதாகிவிட்டது, எனக்கும்தான் காலையில் எழுந்திருக்க நேரமாகிறது என்று சொல்லிக்கொண்டு காத்திருந்தேன். வரவில்லை.

வந்தது கீழ்வீட்டு வீட்டுக்காரம்மா. அவர் தலைக்குமேல் ஏதோ மாவு அரைக்கிறேன் என்று நினைத்துவிட்டார். அவர் வீட்டில் விளக்கு மங்கி, மிக்ஸி நின்று, அதில் பாதி அரைந்தது பாதியாகவே இருக்கிறதாம். நான் தும்மிக்கொண்டே ஒன்றும் இல்லையம்மா, இவர் போய்விட்டார் என்று அதைக் காட்டினேன். கண்ணில் தண்ணீர் வேறு, தூசிக்கு வந்தது பாதி. அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தனியாக இருக்கவேண்டாம், சொந்தக்காரர்கள் யாரையாவது வந்து இருக்கச் சொல்லுங்கள் என்று மிக மெதுவாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். உனக்கு அவரிடமிருந்து போன் வந்தால் நான் நன்றாக இருக்கிறேன் என்று சொல்.

மறுநாள் தெருக்கோடியில் டிவி டாக்டர் என்று எல்லோரும் கூப்பிடுகிற மெக்கானிக்கைக் கூட்டிவந்தேன். உன்னைக் கேட்கலாம் என்றால் நீ செடிகொடி வாத்தியார், இலை வாடினால் சொல்வாய், இது எங்கே வாடியது என்று உனக்குத் தெரியாது. டிவி டாக்டர் ஒரு நாணயத்தைத் திருகில் வைத்துத் திருப்பிப் பக்கத்துத் தகட்டைக் கழற்றினார். கழற்றியவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். உள்ளே வெள்ளைப் பீங்கான் பட்டைகள் வரிவரியாக, அதில் வெட்டிய பள்ளங்களில் ஒவ்வொரு கம்பியும் வகிடு எடுத்த மாதிரி நேராக. ஒரு இடத்தில்கூட அவள் செய்த வேலை எது, முதலில் செய்தவன் வேலை எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லையாம். உள்பக்கம் ஒரு சின்னச் சுருள், பற்றவைக்கிற ஈயக்கம்பி. அந்தப் பட்டைக்கு வெள்ளி கலந்த ஈயம்தான் ஒத்துப்போகும், கடையில் கிடைப்பதை வைத்தால் உரிந்துவிடும். அதனால் செய்தவர்களே, பின்னால் எப்போதோ இதைப் பழுதுபார்க்கப்போகிற யாரோ ஒருவருக்கென்று உள்ளேயே ஒரு சுருள் வைத்து அனுப்பினார்களாம். அந்தச் சுருள் எப்போதோ தீர்ந்து, அவள் எங்கிருந்தோ தேடிவாங்கி, புதிதாகச் சுற்றிவைத்திருந்தாள். ஒரு விரற்கடை கூடக் குறையவில்லை. தனக்கென்று சுற்றினதாக எனக்குத் தோன்றவில்லை. டிவி டாக்டர் ஒரு துண்டு எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். கூடாது என்று சத்தம் போட்டுவிட்டேன். பாவம், நல்ல மனிதர், தகட்டைப் பழையபடி பூட்டிவிட்டு, “ஐயா, பிக்சர் டியூப்தான் போயிருக்கணும். இப்ப இதை யாரும் செய்யறதில்ல. மனசைத் தேத்திக்குங்க” என்றார். அந்த ஆரஞ்சு விளக்கு என்ன என்று கேட்டேன். கரண்டு வருகிறது என்று காட்டுகிற விளக்காக இருக்கும் என்றார். மனசைத் தேத்திக்குங்க என்று அதே குரலில் போன வருஷம் ஒரு டாக்டர் சொன்னார்.

ஆகவே மைத்துனா, சுருக்கமாக முடிக்கிறேன். அவள் தினம் எழுப்பிய வரைக்கும் அது விழித்துக்கொண்டது. அவள் போனாள், அதுவும் போய்விட்டது. அவள் ஒப்படைத்துவிட்டுப் போன ஒரே உயிரை நான் பார்த்துக்கொண்ட லட்சணம் இது. முதல் இடத்துக்கு வேறு ஏதாவது பார்த்துக்கொள்ளச் சொல். அக்கா பேரை எழுதிய பலகை தயாராகிவிட்டது என்றாய், அதை எனக்கு அனுப்பிவிடு. வண்டியைச் சனிக்கிழமை அனுப்பு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எங்கே கொண்டுபோவது என்று நீயே முடிவு செய். காயலான் கடையில் போடுவதானால் அந்த ஈயச் சுருளை மட்டும் எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டுப் போகச் சொல். நான் அன்றைக்கு வீட்டில் இருக்கமாட்டேன், சாவியை வீட்டுக்காரம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். சாப்பாட்டு மேஜையைப் பழைய இடத்தில் போடச் சொல்லாதே. ஒரு ஆளுக்கு மடியே போதும்.

இதை எழுதும்போதும் அது பக்கத்தில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. கடைசியாக ஒருதரம் என்று போட்டேன், அணைக்க மனசு வரவில்லை. கோடு இல்லாவிட்டாலும் அந்தச் சூடு நன்றாக இருக்கிறது, கை விறைக்காமல் எழுத முடிகிறது.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும், சின்னவர்களுக்கு என் ஆசிகளையும், நடுவில் இருக்கிற உன் மனைவிக்கு இரண்டில் எது பொருத்தமோ அதையும் சொல்.

இப்படிக்கு,
எதையும் உருப்படியாகப் பார்த்துக்கொள்ளத் தெரியாத
இளைய மாப்பிள்ளை

பி.கு.: மேலே கண்ட அனைத்தையும் ரத்து செய்கிறேன். வண்டி அனுப்பாதே.

உறையில் போடுவதற்கு முன்னால் பிழை இருக்கிறதா என்று ஒருமுறை படித்தேன். குமிழ்களை இறுக்கியதாக நானே எழுதியிருந்த இடத்துக்கு வந்ததும் படிப்பது நின்றுவிட்டது. தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை என்று புகார் வந்தால் எங்கள் இலாகாவில் பள்ளம் தோண்டுவதற்கு முன்னால் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான், வால்வை மூடினது யார்? அதை என்னையே கேட்டுக்கொண்டேன். உடனே அந்த அம்புக்குறி விளக்கு. என்றைக்கோ ஒருநாள் கோடு காணாமல் போய், நான் ஐயோ போச்சு என்று சொல்ல, உன் அக்கா சாப்பிட்டுக்கொண்டே சிரித்தது ஞாபகம் வந்தது. “எங்கயும் போகலைங்க. நம்ம கண்ணுக்குத் தெரியாத இடத்துல ஓடிட்டுதான் இருக்கு. எந்தப் பக்கம் போயிருக்குன்னு இந்த விளக்கு சொல்லும்” என்றாள். விளக்கைப் பார்த்தேன். அம்புக்குறி மேலே காட்டியது.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தேன். திரைக்குக் கீழே மேலும் கீழும் அம்பு போட்ட குமிழ் ஒன்று இருக்கிறது. நான் துடைத்துத் துடைத்து, இறுக்கி இறுக்கி, ஒருநாள் விட்டு ஒருநாள் கோட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளி வெளியே அனுப்பியிருக்கிறேன். முதல்முறையாக ஒரு குமிழை இடப்பக்கம் திருப்பினேன். மேல் விளிம்பிலிருந்து இறங்கி வந்தது, மைத்துனா. அதுவும் எப்படி, நான் முறுக்கிய முறுக்கில் கண்கூசுகிற வெளிச்சத்தோடு, கயிறு தடிமனுக்கு, பாதி உடம்பு வலப்பக்கம் வெளியே தொங்க. திரை வெந்துவிடும் என்று அலறியடித்துக்கொண்டு வெளிச்சத்தைக் குறைத்தேன். பிறகு ஒவ்வொன்றாக இடப்பக்கம், இடப்பக்கம் என்று திருப்பி, அவள் வைக்கிற மாதிரி மெலிசாக்கினேன். வீட்டுக்காரம்மா மறுபடி மேலே வந்தார். இனிமேல் தினம் சாயங்காலம் இந்தச் சத்தம் வரும், மிக்ஸியை அதற்கு முன்னாலேயே போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

உன் முதல் இடம் கொஞ்ச காலம் காலியாகவே இருக்கட்டும், என் காலத்துக்குப் பிறகு வந்து எடுத்துக்கொள். சனிக்கிழமை வண்டி வேண்டாம், நீ மட்டும் வா, வடிகட்டியைக் கழற்ற இன்னொரு கை வேண்டும். மடியில் தட்டை வைத்துச் சாப்பிடலாம். இப்போது கோடு நேராக ஓடுகிறது. இந்த வீட்டில் அப்படி ஓடினால் ஒன்றும் தப்பில்லை என்று அர்த்தம்.